சுருக்கத்தின் செலவை யார் ஏற்பது? டெல்டாவின் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய காவிரிப் படுகை மாவட்டங்களின் மேல்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல் பயிற்றுவிக்கும் தங்களுக்கு இம்மடலை எழுதத் துணிந்ததற்குக் காரணம், ஆண்டுதோறும் தங்கள் வகுப்பறைகளில் எழுகின்ற ஒரு வினாவே ஆகும். 2018-இல் தொடங்கி நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி, மாணாக்கர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியைக் கற்று, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானைத் தொடங்குகிறார்கள்; சென்ற ஆண்டு தலைப்புக் கோப்பும், மாறிகளின் வகை அறிவிப்பும், வரிதோறும் அரைப்புள்ளியுமாகப் பத்து வரிகளில் எழுதிய காரியம் இவ்வாண்டு இரண்டே வரிகளில் நிறைவேறுவதைக் கண்டு, இத்தனை எளிய வழி இருக்கும்போது முன்னதற்காக ஓராண்டு சிரமப்பட்டது ஏன் என்று கேட்கிறார்கள். பைத்தான் சுருக்கமானது, ஆகையால் சிறந்தது என்று ஒரே வாக்கியத்தில் விடையளித்து மேலே செல்வது எளிது. தேர்வுக்கும் அது போதும். ஆனால் நாளை இப்பிள்ளைகளில் பலர் பிறர் எழுதிய நிரல்களைத் திருத்துவதையும், தாம் எழுதியவற்றைப் பிறர் கையில் ஒப்படைப்பதையுமே ஜீவனோபாயமாகக் கொள்ளப்போகிறவர்கள் ஆதலின், அவ்வினாவுக்கு இன்னும் சற்று ஆழ்ந்த விடையைத் தாங்கள் அளிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

சுருக்கம் பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பாக்கஸும் அவருடைய சகாக்களும் ஃபோர்ட்ரான் என்ற மொழியை வெளியிட்டபோது, அம்மொழியில் ஒரே நாள் பயிற்சி பெற்ற ஒருவர் நான்கு மணி நேரத்தில் 47 கட்டளைகளைக் கொண்டு ஒரு கணக்கை எழுதி முடித்ததையும், அவற்றை இயந்திரம் ஆறு நிமிடத்தில் ஏறத்தாழ ஆயிரம் இயந்திரக் கட்டளைகளாக மாற்றியதையும், கையாலேயே எழுதியிருந்தால் அவ்வேலை மூன்று நாள் பிடித்திருக்கும் என்று அவர் மதிப்பிட்டதையும் அக்காலத்து அறிக்கையிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். முதலில் வந்த விடை தவறாயிருந்தது என்பதும், தவறு எந்தக் கட்டளையில் என்பதை அவர் தாம் எழுதிய 47-க்குள்ளேயே கண்டுபிடித்துத் திருத்தினார் என்பதும் அதே அறிக்கையில் உள்ள செய்திகள்; என் அபிப்பிராயத்தில் அந்தப் பின்செய்தியே மிக முக்கியமானது, ஏனெனில் ஆயிரம் வரிகளில் ஒளிந்துகொள்ளும் பிழைக்கு நாற்பத்தேழு வரிகளில் ஒளிய இடம் குறைவு. பின்னர் 1975-இல் ஃபிரெடரிக் புரூக்ஸ் தம்முடைய புகழ்பெற்ற நூலில், ஒரு நிரலாளர் குறித்த காலத்தில் எழுதி முடிக்கும் வரிகளின் எண்ணிக்கை எந்த மொழியிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது என்றும், ஆதலால் ஒரு வரியில் மிகுதியாகச் சொல்லக்கூடிய மொழியைத் தேர்ந்துகொண்டவருடைய ஆக்கத்திறன் அதே அளவுக்குப் பெருகும் என்றும் எடுத்துரைத்தார். தங்கள் மாணாக்கர்கள் இரண்டு வரி நிரலைக் கண்டு அடையும் மகிழ்ச்சிக்கு இத்தகைய பிரமாணங்கள் இருக்கின்றன.

மொழிகளை நேருக்கு நேர் நிறுத்தி அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லுட்ஸ் பிரெக்கெல்ட் 2000-ஆம் ஆண்டில், ஒரே கணக்குக்குச் சி, சி++, ஜாவா, பெர்ல், பைத்தான், ரெக்ஸ், டிக்கிள் ஆகிய ஏழு மொழிகளில் எழுதப்பட்ட எண்பது நிரல்களை ஒப்பிட்டார். பைத்தானும் பெர்லும் போன்ற மொழிகளில் எழுதியவர்களுக்குப் பாதிக்காலமே பிடித்தது. நிரலின் நீளமும் பாதியே. நினைவக உபயோகம் மட்டும் சி, சி++ நிரல்களைவிட ஏறக்குறைய இருமடங்கு. இவ்வளவையும் கண்டவர் மற்றொன்றையும் கண்டார்: ஒரே மொழியில் எழுதிய இரு நிரலாளர்களுக்கு இடையே காணப்பட்ட வேறுபாடு, மொழிக்கும் மொழிக்கும் இடையே காணப்பட்ட வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் பெரிதாகவே இருந்தது. மொழியைப் பற்றிய விவாதத்தில் எத்தனையோ ஆர்வம் காட்டும் நாம் இந்த முடிவைத்தான் முதலில் மாணாக்கருக்குச் சொல்ல வேண்டும்.

ஆனால் என் கருத்தை இப்போதுள்ள திசையில் திருப்பியது இதற்கு முந்திய மற்றொரு பரிசோதனை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் தேவைக்காக அமைந்த ஒரு கணக்கைப் பல மொழிகளில் எழுதுவித்து ஒப்பிட்டபோது, ஹாஸ்கெல் மொழியில் 85 வரிகளும், ஏடா மொழியில் 767 வரிகளும், சி++ மொழியில் 1,105 வரிகளும் தேவைப்பட்டன. இவ்வெண்களை எடுத்துக்காட்டுபவர்கள் அனேகமாக இதனுடன் நிறுத்திக்கொள்வது வழக்கம். அதே அட்டவணையின் அடுத்த பத்தியில், அந்த 85 வரி நிரலுக்குத் துணையாக எழுதப்பட்ட விளக்கவுரையின் நீளம் 465 வரிகள் என்று காண்கிறது. நிரலைப் பார்வையிட்டவர்களுள் சிலர், இயங்கக்கூடிய முழு நிரல் இதுதான் என்பதையே நம்பத் தயங்கினார்கள் என்றும் அப்பரிசோதனையை விவரித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எண்பத்தைந்து வரிகளுக்கு நானூற்று அறுபத்தைந்து வரி உரை! அந்த உரையை எழுதியவர்கள் நேர்மையாளர்கள். தாம் சுருக்கியதில் படிப்பவருக்கு என்ன சிரமம் நேரும் என்பதை உணர்ந்து அதைத் தாமே ஏற்றுக்கொண்டார்கள். ஏற்காதபோது என்ன ஆகிறது என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் கும்பகோணத்திலேயே மகத்தான சான்று ஒன்று இருக்கிறது.

சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருந்த சிறு வீட்டில் வளர்ந்து, நகர உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சீனிவாச ராமானுஜன் கையில், 1903-ஆம் ஆண்டு வாக்கில் ஜி. எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று கிடைத்தது என்பதும், ஏறத்தாழ ஐயாயிரம் முடிவுகளை நிறுவல்கள் இன்றியோ மிகச் சுருங்கிய குறிப்புகளுடனோ வரிசைப்படுத்திய அந்நூலே அவருடைய எழுத்து முறைக்கு முன்மாதிரியாயிற்று என்பதும் தாங்கள் அறிந்தவையே. காகிதம் வாங்கப் பொருளில்லாத அவ்விளைஞர் வழிமுறைகளையெல்லாம் சிலேட்டுப் பலகையில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அவ்வாறு நிறைந்த மூன்று நோட்டுப் புத்தகங்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள் உள்ளன. அவர் 1920-இல் காலமான பிறகு, அவற்றை நிறுவல்களுடன் பதிப்பிக்க வேண்டும் என்று 1920-களின் இறுதியில் வாட்சன், வில்சன் என்ற இரு கணித மேதைகள் இங்கிலாந்தில் முனைந்தார்கள். வில்சன் 1935-இல் இறந்தார். வாட்சன் பல ஆண்டுகள் உழைத்தும் பணி நிறைவேறவில்லை. டாட்டா ஆராய்ச்சி நிலையம் 1957-இல் கையெழுத்துப் பிரதியை அப்படியே இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பின்னர் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட் 1970-களில் தொடங்கி, ஒவ்வொரு முடிவாக எடுத்து நிறுவியும், முன்னரே நிறுவப்பட்டவற்றைச் சுட்டியும், 1985 முதல் 1998 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளியிட்ட பிறகே அக்காரியம் முடிவுற்றது. பிழையான முடிவுகள் மிகச் சில என்று கண்டறிந்தது ராமானுஜனின் மேதைமைக்குச் சான்று. அதனைக் கண்டறிய அரை நூற்றாண்டுக்கும் மேல் தேவைப்பட்டது அவருடைய சுருக்கத்தின் விளைவு.

இதனை ராமானுஜன்மீது குறையாகச் சொல்ல வரவில்லை. அவர் தம்பொருட்டே எழுதிக்கொண்டார். வறுமை அவ்வாறு எழுதச் செய்தது. தாம் ஒருவரே படிக்கப்போகிற ஏட்டில் முடிவை மட்டும் எழுதுவதற்கு எவருக்கும் அதிகாரம் உண்டு. அந்த ஏடு பிறர் கைக்குப் போகும் தருணத்தில்தான் கணக்கு மாறுகிறது: எழுதியவர் மிச்சப்படுத்திய ஒவ்வொரு வரியையும் படிப்பவர் தம் உழைப்பால் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. வாட்சனும் பெர்ண்டும் போன்றவர்கள் அவ்வுழைப்பைப் பாக்கியமாகக் கருதினார்கள். ஓர் அலுவலகத்தில் முன்னவர் எழுதிவிட்டுப் போன நெருக்கமான நான்கு வரி நிரலை, சம்பளப் பட்டியல் நின்றுபோன நாளின் மாலையில் திறந்து பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது பாக்கியம் ஆகாது.

நம் நாட்டு முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள் என்றே எண்ணுகிறேன். பொன்னி நாட்டுக் கொறுக்கையூரைச் சேர்ந்த காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், நில அளவையும் நெல் அளவையும் பொன் அளவையும் பற்றிய விதிகளைச் செய்யுள்களாகக் கட்டி வைத்த நூல். வட்டத்தின் பரப்பை அறிய, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் அதில் சின்னஞ்சிறு யாப்பில் அடங்கியிருக்கின்றன. திண்ணைப் பள்ளிச் சிறுவன் செய்யுளை மனப்பாடம் செய்தான்; ஆனால் செய்யுளை மட்டும் பெற்றுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகவில்லை, உபாத்தியாயர் உரை சொன்னார், கணக்குகளைப் போட்டுக் காட்டினார். நன்னூலாரும் நூலுக்குரிய பத்து அழகுகளில் சுருக்கத்தை முதலாவதாக வைத்தாராயினும், விளக்கத்தை அதனை அடுத்த ஸ்தானத்திலேயே வைத்தார். அந்த உரைத்தொடர் அறுந்துபோனால் என்ன நேரும் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களிலேயே பார்க்கலாம். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலங்கள் வேலி, மா, காணி, முந்திரிகை என்று கணக்கிடப்பட்டுள்ளன. முந்திரிகை என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. அதற்குக் கீழே, அந்த 320-இல் ஒரு பங்கை மீண்டும் 320-ஆகப் பகுத்த கீழ்முந்திரிகை. 1,02,400-இல் ஒரு பங்கை இரண்டொரு குறிகளால் எழுதிவிடக்கூடிய அச்சங்கேதத்துக்கு நிகரான சுருக்கம் இன்றைய தசம முறையிலும் இல்லை. அக்காலத்துக் கணக்கர் அனைவரும் அதனைப் படித்தார்கள். இன்று அக்கோயிலுக்கு மிக அருகில் வாழ்கின்ற பட்டதாரிகளில் எத்தனை பேர் ஒரு வரியையேனும் படிப்பார்கள்? மூன்று மா ஒரு ஏக்கர் என்று வாய்ச்சொல்லாக வழங்குவது மட்டும் எஞ்சியிருக்கிறது.

இப்படுகையின் உழவர் ஒவ்வொருவரும் அறிந்த ஒன்றைக் கொண்டு இதனை மாணாக்கருக்கு விளக்கலாம். நாற்று விட்டு, பறித்து, சேற்றில் நடுவதற்கு ஆள்கூலியும் நீரும் மிகுதியாக வேண்டும்; அவற்றை மிச்சப்படுத்த நேரடி விதைப்புச் செய்கிறோம்; மேட்டூர் அணை திறப்பு தாமதமாகும் ஆண்டுகளில் கடைமடையில் அதுவே கைகொடுக்கிறது. ஆனால் நட்ட வயலில் நாற்றுக்குக் களையைவிட இருந்த இருபத்தைந்து நாள் மூப்பு, விதைத்த வயலின் பயிருக்கு இல்லை. ஆதலால் முதலில் மிஞ்சிய கூலியில் ஒரு பகுதி பின்னர் களையெடுப்பில் போகிறது. இதனை அறிந்து, களைக்கு உரிய ஏற்பாட்டை முன்னரே செய்துகொண்டு விதைப்பவர் லாபம் அடைகிறார். விதைப்புச் செலவை மட்டும் எண்ணியவர் ஐப்பசியில் வருந்துகிறார். மாறியின் வகையை அறிவிக்காமலே எழுதலாம் என்ற பைத்தானின் சலுகையும் இத்தகையதே. எண் வர வேண்டிய இடத்தில் எழுத்துச்சரம் வந்துவிட்டால் சி++ பெரும்பாலும் தொகுக்கும்போதே தடுத்துவிடும், பைத்தானோ அந்த வரி இயங்கும் நாள் வரை பேசாமல் இருக்கும். அதனை முன்னறிந்து சோதனைகளை எழுதிவைப்பவருக்கே பைத்தானின் வேகம் முழுமையாக உரியது.

இன்னொரு விஷயமும் மாணாக்கர் அறிய வேண்டும். பைத்தானில் ஒரு பட்டியலை வரிசைப்படுத்த ஒரே சொல் போதும். அச்சொல்லுக்குப் பின்னே, டிம் பீட்டர்ஸ் என்பவர் 2002-இல் உருவாக்கிய வரிசையாக்க முறை, சி மொழியில் நூற்றுக்கணக்கான வரிகளில் எழுதப்பட்டு நிற்கிறது. பரவலாக வழங்கும் பைத்தான் இயக்கியே சி மொழியில் எழுதப்பட்டதுதான். ஆகவே இவ்வாண்டு கற்கும் சுருக்கம், சென்ற ஆண்டு கற்ற மொழியின் குடும்பத்தார் முன்னரே செய்துவைத்த உழைப்பின்மேல் நிற்கிறது என்று சொன்னால், ஓராண்டை வீணாக்கினோம் என்ற மனக்குறை அவர்களுக்கு நீங்கும்.

அந்தச் சேமித்த உழைப்பு நம் தேவையை நினைத்துச் செய்யப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். ‘தஞ்சாவூர்’ என்ற சொல்லில் எழுத்துகள் எத்தனை என்று முதல் வகுப்புக் குழந்தையைக் கேளுங்கள்: த, ஞ், சா, வூ, ர் என்று விரல்விட்டு ஐந்து என்னும். பைத்தானின் நீளம் காணும் செயற்கூறிடம் கேட்டால் ஒன்பது என்னும், ஏனெனில் புள்ளியையும் துணைக்காலையும் ஊகாரக் குறியையும் அது தனித்தனியே எண்ணுகிறது. சி++ மொழியின் சாதாரணச் சரத்தைக் கேட்டால், யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகளாக 27 என்னும். இரண்டும் ஒரே வரிக் கேள்விகள். இரண்டும் மிகச் சுருக்கமானவை. இரண்டும் நமக்கு வேண்டிய விடையைத் தரவில்லை. அந்த ஐந்தைப் பெறுவதற்கு, முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்த தன்னார்வலர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பைத் துணைக்கொள்ள வேண்டும். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் எழில் மொழியை ஆக்கியவரும் அவரே. எழில் பைத்தானைவிடச் சுருக்கமானதன்று, வேகமானதும் அன்று. ஆனால் ஆங்கிலத்துக்கு அஞ்சி நிற்கும் ஒரு குழந்தை முதல் நாளிலேயே ஒரு நிரலை இயக்கிப் பார்க்க முடியுமாயின், ஆக்கத்திறன் என்பதை அந்த அளவுகோலாலும் அளந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, தாங்கள் செய்ய வேண்டும் என்று நான் விரும்பும் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் சற்றுக் கைவந்தவுடன், நம் ஊர்ப் பிள்ளைகள் நேரில் கண்ட ஒரு கணக்கைக் கொடுங்கள்: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பேரேடு. நாள், உழவரின் வரிசை எண், நாற்பது கிலோ மூட்டைகளின் எண்ணிக்கை, ஈரப்பதம் என்று நூறு பதிவுகளைக் கற்பனையாகத் தயாரித்து, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றை ஒதுக்கி, நாள்வாரியாக மொத்த எடையைக் காணும் நிரலை வகுப்பில் பாதிப்பேர் சி++ மொழியிலும் மறுபாதிப்பேர் பைத்தானிலும் எழுதட்டும். பைத்தானில் எழுதியவர்கள் முதலில் முடிப்பார்கள், அவர்களைப் பாராட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து, எழுதியவர் பெயரை மறைத்து நிரல்களை மாற்றிக் கொடுத்து, நம் படுகையில் மழைக்காலந்தோறும் எழும் கோரிக்கையைப் போல, குறிப்பிட்ட ஒரு நாளிலிருந்து மட்டும் ஈரப்பத வரம்பு தளர்த்தப்பட்டது, அதற்கு முந்திய நாள்களுக்குப் பழைய வரம்பே செல்லும், அதற்கேற்ப நிரலைத் திருத்துக என்று சொல்லுங்கள். ஒரே வரிக்குள் எல்லாவற்றையும் அடக்கிய கெட்டிக்கார நிரல் யாரிடம் போய்ச் சேர்ந்ததோ அவர் எவ்வளவு நேரம் திகைக்கிறார் என்பதையும், நான்கு வரி கூடுதலாக எழுதி, வரம்புக்கு ஒரு பெயரிட்டு, இரண்டு வரிக் குறிப்பும் சேர்த்திருந்த நிரல் எத்தனை விரைவில் திருத்தப்படுகிறது என்பதையும் வகுப்பு முழுவதும் பார்க்கட்டும். இரண்டாம் நாளின் நேரத்தையும் முதல் நாளின் நேரத்தையும் கூட்டி வருவதையே அந்நிரலின் விலையாகக் கரும்பலகையில் எழுதுங்கள். சி++ நிரல்களிலும் சில மிகத் தெளிவாக அமைந்திருக்கும். பைத்தான் நிரல்களிலும் சில புதிர்களாக இருக்கும். பிரெக்கெல்ட் தம் எண்பது நிரல்களில் கண்டது தங்கள் வகுப்பிலும் புலப்படும்.

இறுதியாக ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலின் கடைசி அலகில், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து அழைத்து இயக்கும் பாடம் ஒன்று அமைந்திருக்கிறது. பொதுத்தேர்வு நெருங்கும் பரபரப்பில் அப்பகுதி பெரும்பாலும் வினா விடையாக மட்டும் ஒப்பிக்கப்படுகிறது என்று அறிகிறேன். தயைகூர்ந்து அதற்கு ஆய்வகத்தில் இரண்டு பாடவேளைகளை ஒதுக்குங்கள். பத்து லட்சம் முறை சுழலும் ஒரு கணக்கை முதலில் பைத்தானிலேயே எழுதி இயக்கி, பின்னர் அதையே சி++ மொழியில் எழுதிப் பைத்தானிலிருந்து அழைத்து, இரண்டுக்கும் பிடித்த காலத்தை மாணாக்கரே கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளட்டும். இரு மொழிகளுக்கும் தத்தம் வேலை இருக்கிறது என்பதை அவர்களுடைய கையே அவர்களுக்குக் காட்டிவிடும்.


காவிரிப் படுகையைச் சேர்ந்த ஒரு நிரலாளர்